எக்ஸ்டென்ஷன் நிறுவியாச்சு, குரலைத்தான் காணோம்

நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில், அதற்குக் கூடுதல் வசதி தரும் ஏதாவது ஒரு எக்ஸ்டென்ஷனின் விளக்கப் பக்கத்தைத் திறந்து, திரையைப் பேச்சாக வாசிக்கும் ஸ்கிரீன் ரீடரான என்விடிஏவை வாசிக்கவிட்டால், முக்கால்வாசி நேரம் காதில் விழுவது இதுதான்: "தலைப்பு, சிறப்பம்சங்கள். கிராஃபிக். தலைப்பு, பயன்படுத்தும் முறை. கிராஃபிக். கிராஃபிக்." அந்தக் கிராஃபிக் ஒவ்வொன்றும் ஒரு அசையும் படம். பார்ப்பவருக்கு எதை அழுத்தினால் என்ன நடக்கும் என்பது சில நொடிகளில் புரிந்துவிடும். கேட்பவருக்கு அந்தப் பக்கத்தில் மிச்சம் இருப்பது உரிமக் குறிப்பும் நன்கொடை இணைப்பும்தான்.

நான் திரை பார்ப்பதில்லை. நிரல் எழுதுவது, குறிப்பு எடுப்பது எல்லாமே பேச்சொலியைக் கேட்டுத்தான். விண்டோஸில் என்விடிஏவும் விஎஸ் கோடும். லினக்ஸில் ஈமேக்ஸ் என்ற எடிட்டரும், அதற்குள்ளிருந்தே பேசும் ஈமேக்ஸ்பீக்கும். இரண்டிலும் வருஷக்கணக்காக எக்ஸ்டென்ஷன்களைப் போட்டும் கழற்றியும் பார்த்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. ஒரு எக்ஸ்டென்ஷன் என்ன செய்கிறது என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. செய்து முடித்ததை எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு விடை தெரிந்தால் நிறுவும் முன்பே பாதி முடிவு எடுத்துவிடலாம்.

சிலது கோப்பில் இருக்கும் எழுத்தையே மாற்றும். நிரலைச் சீராக அடுக்கித் தரும் ஃபார்மேட்டர்கள் இந்த வகை. இவற்றில் எந்தச் சிக்கலும் இல்லை. மாறியது எழுத்து, எழுத்தை ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும். பிழை கண்டுபிடிக்கும் லின்டர்கள் தங்கள் புகார்களை பிராப்ளம்ஸ் பலகத்தில் வரிசையாகப் போடும். கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எம் அழுத்தினால் அந்தப் பட்டியல், எஃப்8 அழுத்தினால் அடுத்த பிழை. இதுவும் நன்றாகப் பேசும். கட்டளைகளைப் பெயரால் தேடி இயக்கும் கமாண்ட் பேலட்டில் கட்டளையாக வருபவை, பக்கப் பட்டியில் மரம் போல விரியும் பட்டியலாக வருபவை, இவையும் பரவாயில்லை.

வாய் திறக்காதது அலங்கார வகை. வரியின் கடைசியில் சாம்பல் நிறத்தில் "இந்த வரியை மாற்றியவர் இன்னார்" என்று காட்டுவது, வரியின் தொடக்கத்தில் விடும் உள்தள்ளலின் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு வண்ணம் பூசுவது, சார்புக்கு (ஃபங்ஷனுக்கு) கொடுக்கும் மதிப்புகளின் பக்கத்தில் அவற்றின் பெயரைக் குட்டியாக எழுதிக் காட்டுவது. இதெல்லாம் கோப்பில் இருக்கும் எழுத்து இல்லை, அதன்மேல் வரைந்தது. வரியை வாசிக்கச் சொன்னால் வரி மட்டும்தான் வரும். நிறுவியது சரியாகத்தான் நடந்திருக்கும், எக்ஸ்டென்ஷனும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் நமக்கு அது இல்லாததற்குச் சமம். கணினியின் நினைவகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

அதற்காக அவற்றை அப்படியே ஒதுக்கிவிட வேண்டாம். வரி ஓரத்தில் தகவல் காட்டும் எக்ஸ்டென்ஷன்கள் பல, அதே தகவலை ஒரு பட்டியலாகத் திறக்கும் கட்டளையையும் எங்காவது வைத்திருக்கும். படங்களால் நிரம்பிய விளக்கப் பக்கம் அதைச் சொல்லாது. அதே பக்கத்தில் ஃபீச்சர்ஸ் என்று இன்னொரு தாவல் இருக்கும். அந்த எக்ஸ்டென்ஷன் தரும் கட்டளைகள், அமைப்புகள், குறுக்குவிசைகள் எல்லாம் அங்கே வரிசையாக, எழுத்தாக இருக்கும். படம் கிடையாது, விளம்பரம் கிடையாது. எழுதியவர் தன் எக்ஸ்டென்ஷனைப் பற்றிப் பெருமையாகச் சொல்வதைவிட அந்தத் தாவல் சொல்வதைத்தான் நான் நம்புகிறேன். கட்டளைப் பட்டியல் காலியாக இருந்து, அமைப்புகள் எல்லாம் நிறம், ஒளிபுகுதிறன், எழுத்தின் தடிமன் என்றே இருந்தால், அது கண்ணுக்கான சரக்கு. அத்தோடு விட்டுவிடலாம்.

பக்கத்தை வாசிக்கும்போது இன்னொன்று. எடிட்டருக்குள் என்விடிஏ பொதுவாக, விசைகளை எடிட்டருக்கே அனுப்பும் ஃபோகஸ் மோடில்தான் இருக்கும். அம்பு விசையை அழுத்திப் பார்த்துவிட்டு "பக்கம் காலியாக இருக்கிறதே" என்று நினைத்துவிடக்கூடாது. என்விடிஏ விசையோடு ஸ்பேஸ் அழுத்தி, பக்கத்தை ஆவணமாக வாசிக்கும் பிரவுஸ் மோடுக்குப் போனால் எச் எழுத்தில் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம்.

எடிட்டருக்குள்ளேயே ஒரு வலைப்பக்கத்தைத் திறந்து அதில் எல்லாவற்றையும் காட்டும் எக்ஸ்டென்ஷன்களைப் பற்றி முன்கூட்டி எதுவும் சொல்ல முடியாது. எழுதியவர் முறையான பொத்தான், முறையான தலைப்பு என்று கட்டியிருந்தால் பிரமாதமாக இருக்கும். இல்லையென்றால் டேப் விசை எங்கேயும் நிற்காமல் வெளியே வந்து விழும். போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எதையாவது புதிதாகப் போடும் முன், எடிட்டரும் ஸ்கிரீன் ரீடரும் ஏற்கெனவே என்ன தருகின்றன என்று பார்த்துவிடுவது லாபம். உள்தள்ளலையே எடுத்துக்கொள்ளுங்கள். பைதான் எழுதுபவருக்கு அது உயிர்நாடி. என்விடிஏவின் ஆவண வடிவமைப்பு அமைப்புகளில் வரியின் உள்தள்ளலைப் பேச்சாகவோ, ஒலியின் சுருதியாகவோ, இரண்டுமாகவோ சொல்ல வைக்கலாம். சுருதி பழகிவிட்டால் வரியைக் கேட்கும் முன்பே அது எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதே போல, பிழை இருக்கும் வரிக்கு கர்சர் போனால் விஎஸ் கோட் தானாகவே ஒரு சின்ன ஒலி எழுப்பும். நிரலை ஓட்டிப் பார்க்கும்போது நிற்கச் சொல்லிக் குறித்த நிறுத்துப்புள்ளிக்கு ஒன்று, மடித்து வைத்த பகுதிக்கு ஒன்று. கமாண்ட் பேலட்டில் "லிஸ்ட் சிக்னல் சவுண்ட்ஸ்" என்று தேடினால் ஒவ்வொன்றையும் கேட்டுப் பழகிக்கொள்ளலாம். ஆல்ட்+எஃப்1 அழுத்தினால் அப்போது நிற்கும் இடத்துக்கான அணுகல் உதவி. ஆல்ட்+எஃப்2 அழுத்தினால் மிதந்து வரும் குறிப்பு, அறிவிப்பு போன்றவை வெறும் எழுத்தாக ஒரு தனிப் பார்வையில் திறக்கும். அந்த இரண்டாவது விசை மட்டும் தெரிந்திருந்தால், "இது பேசவில்லை" என்று நாம் கைவிடும் எக்ஸ்டென்ஷன்களில் சிலவற்றைக் காப்பாற்றிவிடலாம்.

சரி, நிறுவுவதற்கு வருவோம். கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எக்ஸ் அழுத்தினால் தேடல் பெட்டியில் நிற்போம். பெயரை அடித்துக் கீழ் அம்பில் இறங்கினால் ஒவ்வொன்றும் பெயர், வெளியிட்டவர், விளக்கம் என்று ஒரே மூச்சில் வரும். முதல் இரண்டு சொல்லைக் கேட்டதும் அடுத்ததற்கு நகரத்தான் கை துடிக்கும். இந்த இடத்தில் அவசரம் கூடாது.

காரணம், காதுக்கென்றே ஒரு தனி ஆபத்து இங்கே இருக்கிறது. பிரபலமான எக்ஸ்டென்ஷனின் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ போலி ஒன்றை உலவவிடுவது பழைய தந்திரம். இரண்டு டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டி இருந்தால் கண்ணுக்காவது கொஞ்சம் உறுத்தும். பேச்சொலி இரண்டையும் ஒரே மாதிரிதான் உச்சரிக்கும். எக்ஸ்டென்ஷன் என்பது எடிட்டருக்கு இருக்கும் அத்தனை உரிமையோடும் ஓடுவது. நம் கோப்புகளைத் திறக்கலாம், இணையத்தோடு பேசலாம். அதனால் பட்டியலில் சூழல் மெனுவைத் திறந்து, எக்ஸ்டென்ஷன் ஐடியை நகலெடுக்கும் கட்டளையைக் கொடுத்து, ஒரு காலிக் கோப்பில் ஒட்டி, வலது அம்பில் எழுத்தெழுத்தாகக் கேட்கிறேன். வெளியிட்டவர் பெயர், புள்ளி, எக்ஸ்டென்ஷன் பெயர் என்று அது இருக்கும். அந்த மென்பொருளின் சொந்த ஆவணத்தில் இருக்கும் ஐடியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். முன்பு நிறுவியிராத ஒரு வெளியீட்டாளர் என்றால், இவரை நம்புகிறீர்களா என்று ஒரு பெட்டியும் வரும். கைப்பழக்கத்தில் என்டர் தட்டிவிடாமல் அதையும் முழுசாகக் கேட்பது நல்லது.

நிறுவு பொத்தானை அழுத்தினால் தொடங்கியது, முடிந்தது என்று விஎஸ் கோட் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் முடிந்தது என்று சொல்ல வாயெடுக்கும் நேரத்தில் நாம் வேறு விசையைத் தொட்டுவிட்டால் பேச்சு அறுந்துவிடும். பிறகு அது வந்ததா வரவில்லையா என்றே தெரியாது. அதனால் எனக்குப் பிடித்தது, கட்டளையை எழுத்தாக அடிக்கும் டெர்மினல் வழி. கோட், இடைவெளி, இரண்டு ஹைஃபன், இன்ஸ்டால், ஹைஃபன், எக்ஸ்டென்ஷன், இடைவெளி, அப்புறம் நாம் சரிபார்த்த ஐடி. விடை இரண்டு மூன்று வரி எழுத்தாக வந்து டெர்மினலிலேயே கிடக்கும். ஓடிப்போகாது. ஆற அமரத் திரும்பப் படிக்கலாம், தோற்றுப்போனால் பிழைச் செய்தியை நகலெடுக்கலாம். அதே கட்டளையில் லிஸ்ட்-எக்ஸ்டென்ஷன்ஸ் என்று மாற்றினால் இருப்பவை எல்லாம் வரிக்கு ஒன்றாக வரும். அந்தப் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்து வைத்துக்கொண்டால் புதுக் கணினிக்கு மாறும்போது கைகொடுக்கும்.

நிறுவியதும் முதல் தொல்லை இரைச்சல். எழுத்துப் பரிந்துரை தரும் எக்ஸ்டென்ஷன் ஒன்று இருந்தால் உதவி. மூன்று சேர்ந்தால், ஓர் எழுத்து அடித்ததும் மூன்றும் தங்கள் சரக்கைப் பட்டியலில் கொட்டும். என்விடிஏ முதல் பரிந்துரையைச் சொல்லத் தொடங்கும். நாம் அடித்த எழுத்து என்னவென்று நமக்கே கேட்காது. பார்ப்பவர் அந்தப் பட்டியலைக் கண்டும் காணாமல் போய்விடலாம். காதுக்கு இமை இல்லையே. நான் குயிக் சஜஷன்ஸ் அமைப்பை அணைத்துவிட்டு, வேண்டும்போது மட்டும் கன்ட்ரோல்+ஸ்பேஸ் அழுத்திக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். வேகம் குறையும் என்று பயந்தேன், மாறாக எழுத்துப்பிழைகள்தான் குறைந்தன.

அறிவிப்புகளும் அப்படியே. "புதிய பதிப்பில் என்ன இருக்கிறது பாருங்கள்", "எங்களுக்கு மதிப்பெண் தாருங்கள்", "இந்த வகைக் கோப்புக்கு இன்னொரு எக்ஸ்டென்ஷன் பரிந்துரைக்கிறோம்". நிரலின் நடுவில் ஒரு அடைப்புக்குறியை எண்ணிக்கொண்டிருக்கும்போது இதைக் கேட்டால் எண்ணிக்கை போயே போச்சு. பரிந்துரைகளைப் புறக்கணிக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது, தொந்தரவு செய்யாதே நிலை ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் இயக்கி வைத்துவிட்டு, அறிவிப்புகளை வேலை முடிந்த பிறகு பட்டியலாகப் படிக்கலாம்.

புதிய எக்ஸ்டென்ஷனை வேலை நடக்கும் இடத்தில் நேரடியாகப் போடுவதில்லை. விஎஸ் கோடில் புரொஃபைல் என்ற வசதி உண்டு. ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனித்தனியாக எக்ஸ்டென்ஷன்கள் இருக்கும். சோதனைக்கென்று காலியான ஒன்று. அதில் ஒரே ஒரு புதிய எக்ஸ்டென்ஷன், வேண்டுமென்றே பிழைகள் வைத்த ஒரு சின்னக் கோப்பு. எஃப்8 அழுத்தினால் பிழை புரிகிற மாதிரி வருகிறதா? சில வரிகள் அடித்தால் புதிதாக ஏதாவது பேச்சு நடுவில் நுழைகிறதா? கீழ் அம்பை மளமளவென்று அழுத்தினால் வரிகள் உடனுக்குடன் வருகின்றனவா?

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அம்பை அழுத்தியதும் கர்சர் நகர்ந்துவிட்டதா என்று ஸ்கிரீன் ரீடர் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும். எடிட்டர் மந்தமாகி அந்த நேரத்துக்குள் நகராவிட்டால், பழைய வரியையே திரும்பச் சொல்லும். பார்ப்பவருக்கு அது ஒரு சின்னத் தடுமாற்றம். நமக்கு அது பொய்த் தகவல். நிற்காத வரியில் நிற்பதாக நினைத்து அழித்துவிடுவோம். எக்ஸ்டென்ஷன்கள் தனி புராசஸில்தான் ஓடுகின்றன என்றாலும், கனமான சில போட்டதும் இந்தத் தடுமாற்றம் வருவதைக் கேட்டிருக்கிறேன். கமாண்ட் பேலட்டில் "ஷோ ரன்னிங் எக்ஸ்டென்ஷன்ஸ்" கொடுத்தால் எது எழுந்திருக்க எத்தனை மில்லிநொடி எடுத்தது என்று பட்டியல் வரும். முதல் சந்தேகம் அங்கே தொடங்கலாம்.

குறுக்குவிசை மோதல் தனிக் கதை. ஒரு விசையை அழுத்தினால் நேற்றுவரை ஒன்று நடந்தது, இன்று வேறு ஏதோ நடக்கிறது, அல்லது ஒன்றுமே நடக்கவில்லை. கன்ட்ரோல்+கே, கன்ட்ரோல்+எஸ் என்று அடுத்தடுத்து அழுத்தினால் குறுக்குவிசைகளின் பட்டியல் வரும்; அதில் அந்த விசையைத் தேடினால் யார் யார் உரிமை கொண்டாடுகிறார்கள் என்று தெரியும். எடிட்டருக்குப் போக வேண்டிய விசையை என்விடிஏவே எடுத்துக்கொள்கிறது என்றால், என்விடிஏ விசையோடு எஃப்2 அழுத்தி அடுத்த விசையை நேராக உள்ளே அனுப்பலாம்.

ஏதோ ஒன்று கெடுக்கிறது, எது என்று தெரியவில்லை என்றால் முதலில் டிசேபிள்-எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற தெரிவோடு எடிட்டரைத் திறந்து பாருங்கள். அப்போது நன்றாகப் பேசினால் குற்றவாளி எக்ஸ்டென்ஷன்களில் ஒன்று. கமாண்ட் பேலட்டில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட் பாதியை அணைத்துவிட்டு "இப்போது எப்படி?" என்று கேட்கும், பதிலைப் பொறுத்து அடுத்த பாதி. முப்பது எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் ஐந்தாறு சுற்றில் ஆளைப் பிடித்துவிடும். கண்டுபிடித்ததும் நீக்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் சமீபத்திய பதிப்பில்தான் கோளாறு இருக்கும். பழைய பதிப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிறுவி, அதற்கு மட்டும் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி வைக்கலாம்.

ஈமேக்ஸுக்கு வந்தால் பாடம் கொஞ்சம் மாறும். ஈமேக்ஸ்பீக்கை டி. வி. ராமன் 1995-இல் வெளியிட்டார், அவரும் பார்வையற்றவர். அது திரையில் இருப்பதை வெளியிலிருந்து வாசிப்பதில்லை. ஈமேக்ஸின் கட்டளைகளையே இடைமறித்து, அந்தக் கட்டளை என்ன செய்தது என்பதைச் சொல்கிறது. ஒரு சொல்லை அழித்தால் அழிந்த சொல்லைச் சொல்லும். இதனால் அது தரும் தகவல் துல்லியமானது. ஆனால் அதற்குத் தெரியாத கட்டளை ஒன்றைப் புதிய பேக்கேஜ் (ஈமேக்ஸில் எக்ஸ்டென்ஷனுக்கு அதுதான் பெயர்) கொண்டுவந்தால், அங்கே மௌனம்தான்.

அதனால் ஈமேக்ஸில் பேக்கேஜ் போடும் முன் நான் செய்வது, ஈமேக்ஸ்பீக்கின் லிஸ்ப் கோப்புறையைத் திறந்து அந்தப் பேக்கேஜின் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. ஆர்க், மேகிட், கம்பெனி போன்ற பிரபலமானவற்றுக்கு இருக்கிறது. இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். இல்லையென்றால், விடையை ஒரு சாதாரண பஃபரில், அதாவது ஈமேக்ஸ் எழுத்தைத் திறந்து வைக்கும் இடத்தில், எழுத்தாகப் போடும் பேக்கேஜ் என்றால் தப்பித்தோம். எழுத்தின்மேல் ஒட்டும் ஓவர்லேயிலோ தனி மிதவைச் சட்டத்திலோ காட்டுவது என்றால் வரியை வாசித்தால் அது வராது. அங்கேயும் அதே கேள்விதான், எங்கே வைக்கிறது என்பது. நிறத்துக்கு ஈமேக்ஸ்பீக்கில் ஓர் அருமையான மாற்று உண்டு: குறிப்புரை ஒரு குரலில், மேற்கோளுக்குள் இருப்பது இன்னொரு குரலில் என்று பேசும். புதிய பேக்கேஜ் தன் சொந்த நிறங்களைக் கொண்டுவந்தால், அவற்றுக்கும் குரல் ஒதுக்கும்வரை எல்லாம் ஒரே குரலில்தான் ஒலிக்கும்.

நிறுவுவது எளிது. லிஸ்ட்-பேக்கேஜஸ் கட்டளையில் பட்டியல் வரும், வேண்டியதில் ஐ, கடைசியில் எக்ஸ், ஆமாம் என்று ஒரு பதில். பேக்கேஜ் களஞ்சியங்களில் குனு எல்பாவும் நான்குனு எல்பாவும் 28-ஆம் பதிப்பிலிருந்து தானாகவே இருக்கின்றன. மெல்பாவை நாம்தான் சேர்க்க வேண்டும். போட்ட பிறகு கம்பைல் எச்சரிக்கைகள் ஒரு தனி பஃபரில் வந்து கொட்டும், அதில் பெரும்பாலானவை நமக்குத் தேவையில்லாதவை. பேக்கேஜை இயந்திர மொழிக்கு மாற்றும் நேட்டிவ் கம்பைல் உள்ள ஈமேக்ஸில் இது இன்னும் மோசம், வேறு வேலையில் இருக்கும்போது எச்சரிக்கை ஜன்னல் திறந்து பேச்சைக் குழப்பும். நேட்டிவ்-காம்ப்-அசிங்க்-ரிப்போர்ட்-வார்னிங்ஸ்-எரர்ஸ் என்ற நீளப் பெயர் கொண்ட மாறியை சைலன்ட் என்று வைத்தால் அடங்கும். தவறவிட்ட செய்தியைக் கேட்க கன்ட்ரோல்+எச், பிறகு ஈ. செய்திகள் எல்லாம் அந்த பஃபரில் இருக்கும்.

ஈமேக்ஸில் எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஈமேக்ஸ் திறக்கும்போது படிக்கும் தொடக்கக் கோப்பின் வரிசை. குரலை ஏற்றும் வரி முதல் வரியாக இருக்கட்டும். ஏதோ ஒரு பேக்கேஜ் பிழையோடு நடுவில் நின்றுவிட்டால், அதற்குக் கீழே உள்ளவை ஏறாது. குரல் கீழே இருந்தால் ஊமை ஈமேக்ஸின் முன்னால் உட்கார்ந்திருப்போம். இதே காரணத்தால், சிக்கல் வந்தால் தொடக்கக் கோப்பு இல்லாமல் திறந்து பாருங்கள் என்று எல்லா இடத்திலும் சொல்லும் அறிவுரை நமக்கு அப்படியே பயன்படாது. தொடக்கக் கோப்பு இல்லையென்றால் குரலும் இல்லை. குரலை மட்டும் ஏற்றும் ஒரு குட்டிக் கோப்பைத் தனியாக வைத்துக்கொண்டு, ஈமேக்ஸைத் திறக்கும் கட்டளையில் ஹைஃபன் கியூவோடு ஹைஃபன் எல் போட்டு அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், வேறு எதுவும் இல்லாத ஆனால் பேசும் ஈமேக்ஸ் கிடைக்கும். இந்தக் கோப்பை இன்றே எழுதி வையுங்கள், தேவைப்படும் நாளில் எழுத முடியாது.

எக்ஸ்டென்ஷன் எழுதியவருக்குப் புகார் அனுப்புவது பற்றியும் சொல்ல வேண்டும். "ஸ்கிரீன் ரீடரில் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் பதில் வராது. பெரும்பாலானவர்கள் ஸ்கிரீன் ரீடரைக் கேட்டதே இல்லை. எந்த விசையை அழுத்தினேன், என்ன கேட்டது, என்ன கேட்டிருக்க வேண்டும் என்று மூன்றையும் எழுதுகிறேன். கேட்டதை அப்படியே காட்ட என்விடிஏவின் கருவிகள் மெனுவில் ஸ்பீச் வியூவர் இருக்கிறது. பேசியதெல்லாம் அதில் எழுத்தாக வரும், நகலெடுத்து ஒட்டலாம். கேட்கும்போது சின்னதாகக் கேட்பதும் உதவும். முழு எக்ஸ்டென்ஷனையும் மாற்றச் சொல்வதைவிட, வரைந்து காட்டும் அதே தகவலை ஓர் அறிவிப்பாகச் சொல்லும் கட்டளை ஒன்றைச் சேர்க்கச் சொன்னால் எழுதுபவருக்குச் சில வரி வேலைதான். வரியின் வரலாற்றைச் சாம்பல் எழுத்தில் காட்டும் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷனுக்கு இப்படி எழுதினேன், அடுத்த பதிப்பிலேயே அந்தக் கட்டளை வந்தது. சாம்பல் எழுத்தை அமைப்பில் அணைத்துவிட்டு, அந்தக் கட்டளைக்கு மட்டும் ஒரு விசை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.